சுண்டும் தேக்கரண்டியும்: வன்னிக் கிளினிக்குகளில் சாப்பாட்டுப் புத்தி சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்துக் கிளினிக்குகளில் சீனி வருத்தக்காரருக்கும் பிறஷர்க்காரருக்கும் சாப்பாடு பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வைத்தியர்கள், தாதியர், குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எல்லோருக்கும்,

வணக்கம். உங்களில் சிலர் என்னிடம் மனைப்பொருளியல் படித்த பிள்ளைகள். அந்த உரிமையில் சில இடங்களில் என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் படிக்காதவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு கிடைத்தது, வாய்க்கு இன்னும் கிடைக்கவில்லை.

நானும் உங்கள் வாங்கில் இருப்பவள்தான். பதினொரு வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக் நாளில் விடிய எழும்பி, வெறுவயிற்றோடு பஸ் ஏறி, கொப்பியை அடுக்கில் வைத்துவிட்டுக் காத்திருப்பேன். அந்த வாங்கில் இருந்துகொண்டு நான் கேட்கிற சாப்பாட்டுப் புத்தி பெரும்பாலும் மூன்று வசனம்தான். “சோத்தைக் குறையுங்கோ. மாச்சாப்பாட்டைக் குறையுங்கோ. இனிப்புத் தொடாதேங்கோ.” அரை நிமிடத்தில் முடிந்துவிடும். வெளியே இன்னும் நூறு பேர் நிற்கும்போது அதற்கு மேல் சொல்ல உங்களுக்கும் நேரம் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்று வசனமும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகின்றன என்று உங்களுக்குத் தெரியாது. நான் பக்கத்து வீட்டில் இருந்து பார்க்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் இந்த ‘மா’. பாடப்புத்தகத்தில் காபோவைதரேற்று என்று படிப்பித்தோம். அது நாக்கில் புரளாது. அதனால் கிளினிக்கில் அது ‘மாப்பொருள்’ ஆகி, அவசரத்தில் ‘மாச்சாப்பாடு’ ஆகிவிட்டது. வன்னியில் மா என்றால் கோதுமை மா, அரிசி மா, குரக்கன் மா, ஒடியல் மா. இடித்தோ திரித்தோ அரித்தெடுப்பதுதான் மா. அந்த வசனத்தைக் கேட்டுப் போகிற அம்மா பிட்டையும் இடியப்பத்தையும் நிறுத்துகிறார். அவர் கணக்கில் சோறு மா இல்லை, மரவள்ளிக் கிழங்கும் மா இல்லை. உருளைக்கிழங்குக் கறி மரக்கறிக் கணக்கில் போகிறது. இரவு பிட்டுக்குப் பதிலாக இன்னொரு கோப்பை சோறு. அடுத்த மாதம் கொப்பியில் எண் ஏறியிருக்கும். நீங்கள் ஏசுவீர்கள். அவர் சத்தியம் பண்ணுவார், மாச்சாப்பாடு தொடவே இல்லை என்று. அவர் பொய் சொல்லவில்லை.

இதை விளங்கப்படுத்த ஒரு வழி என்னிடம் இருந்தது. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிடி வெறும் சோறு கொடுத்து, விழுங்காமல் இரண்டு நிமிடம் மெல்லச் சொல்லுவேன். முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒருத்தி “ரீச்சர், இனிக்குது” என்பாள். எச்சிலில் உள்ள நொதியம் மாப்பொருளை உடைத்துச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிடும். மிச்ச வேலை குடலில் நடந்து, கடைசியில் குளுக்கோசாக இரத்தத்துக்குப் போகும். சோறு, பாண், பிட்டு, குரக்கன், ஒடியல், மரவள்ளி, வத்தாளங்கிழங்கு எல்லாம் போகிற இடம் ஒன்றுதான். வேகம் வேறு, கூட வருகிற நாரும் சத்தும் வேறு. இரண்டு நிமிடச் சோறு உங்கள் வாங்கிலும் முடியும். ஒரு பேணிச் சோறு போதும், நான் கொண்டுவருகிறேன்.

இனி என் தம்பியின் கதை. அக்கராயன் பக்கம் வயல் செய்கிறவன். சீனி வருத்தம் கண்டதும் ஒரு கிளினிக்கில் “சோறு சாப்பிடக்கூடாது” என்று சொல்லிவிட்டார்கள். எந்தக் கிளினிக் என்று எழுதப் போவதில்லை. சொன்னவர் நல்ல பிள்ளை, களைத்துப் போயிருந்திருப்பார். தம்பி சொன்னதைக் கேட்கிற சாதி. அன்றைக்கே சோற்றை விட்டான். காலையில் அரை றாத்தல் பாண், சம்பலோடு. மத்தியானம் சோடா பிஸ்கற். இரவு குரக்கன் பிட்டு, “அது சீனிக்கு நல்லது” என்று இரண்டு மடங்கு. இடையில் பிளேன்ரீ, சீனி போடாமல், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு.

ஒரு நாள் நான் கொப்பியும் பேனையுமாக அவன் வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தேன். ஒரு றாத்தல் பாண் 450 கிராம். அரை றாத்தலில் ஏறத்தாழ 110 கிராம் காபோவைதரேற்று. தேத்தண்ணிக் கப்பால் அளந்த ஒரு கப் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம். அதாவது சோற்றைத் துறந்த என் தம்பி காலையிலேயே இரண்டரைக் கப் சோற்றை முடித்துவிட்டுத்தான் வயலுக்குப் போயிருக்கிறான். குரக்கன் நல்லதுதான், அதில் நார் அதிகம், கல்சியம் அரிசியைவிடப் பல மடங்கு. ஆனால் நூறு கிராம் குரக்கன் மாவில் 70 கிராமுக்கு மேல் காபோவைதரேற்று. இரண்டு மடங்கு பிட்டு என்றால் அதுவும் இரண்டு மடங்கு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் பயந்த விசயம். பாணும் குரக்கனும் அலுத்துப்போய், ஒரு சிறுபோக நாளில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் குளிசையை மட்டும் போட்டுக்கொண்டு தண்ணீர் மாறப் போனான். ஒன்பது மணிக்கு வரம்பில் இருந்தபடி வியர்த்து, கை நடுங்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு எதையோ சொல்கிறான். பக்கத்து வயல்காரர் குடிவெறியோ என்று நினைத்தாராம். அவரோடு வந்த பொடியன்தான் ஓடிப்போய் நாலு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் பருக்கினான். குத்திப் பார்த்தபோது, அதுவும் சீனித் தண்ணீர் குடித்த பிறகு, 58 காட்டியது. 70க்குக் கீழே போனாலே தாழ்வு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மெற்போமின் மட்டும் போடுகிறவருக்கு இப்படி வருவது குறைவு. ஆனால் சதையியைத் தட்டி இன்சுலின் சுரக்க வைக்கிற குளிசை போடுகிறவரும் இன்சுலின் ஏற்றுகிறவரும் சோற்றைத் திடீரென்று விட்டால் இதுதான் நடக்கும். சோற்றைக் குறைக்கச் சொல்கிற அதே வாயால் “குளிசை போட்டால் சாப்பிடாமல் இருக்காதேங்கோ, சட்டைப் பையில் நாலு குளுக்கோசு வில்லையாவது வையுங்கோ” என்று சொல்லிவிடுங்கள். நேரம் இல்லாவிட்டால் மற்ற மூன்று வசனத்தை விட்டுவிட்டு இதை மட்டும் சொல்லுங்கள்.

சரி, சோறு குற்றவாளி இல்லையென்றால் வேறு யார்? அப்படி ஒரு ஆளைத் தேடுவதே பிழை என்பது என் கருத்து. சக்தி வருகிற வாசல்கள் நாலு. ஒரு கிராம் காபோவைதரேற்றில் 4 கலோரி, புரதத்தில் 4, கொழுப்பில் 9, மதுசாரத்தில் 7. அற்வாற்றர் என்ற அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாப்பாட்டை எரித்துப் பார்த்தும், மனிதரை ஒரு அடைத்த அறைக்குள் இருத்தி அவர்கள் விடும் வெப்பத்தை அளந்தும் போட்ட கணக்கின் வழி வந்தவை இவை. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதினேன். ஆனால் கிளினிக்கில் இந்த நாலில் ஒரு வாசலைத்தான் காவல் காக்கிறோம். மற்ற மூன்றும் திறந்தே கிடக்கின்றன.

வீட்டுச் சாமானால் அளந்து பாருங்கள். எங்கள் பக்கத்தில் அரிசி அளப்பது சுண்டால். என் வீட்டுச் சுண்டைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒரு சுண்டு அரிசி 200 கிராமுக்குக் கொஞ்சம் முன்பின். அது ஏறத்தாழ 700 கலோரி. நாலு பேர் வீட்டில் நேரத்துக்கு இரண்டு சுண்டு போட்டால் ஆளுக்கு 350. வெட்டுமெசின் வராத காலத்தில் அரிவாளோடு நாள் முழுக்க நின்றவனுக்கு அது காணவே காணாது. இன்றைக்கு மெசின் ஒரு ஏக்கரை வெட்டி முடிக்கும்வரை வரம்பில் கதிரை போட்டு இருக்கிறவனுக்கு, கறியோடு சேர்த்து, அது போதும். கை மாறிவிட்டது, கோப்பையில் சோற்று மலை மட்டும் அப்பா காலத்து உயரத்தில் இருக்கிறது.

அடுத்தது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாவற்றுக்கும் கலோரி ஒன்றுதான். போத்தலில் ‘கொலஸ்ட்ரோல் அற்றது’ என்று எழுதிக் கூட விலைக்கு விற்கிறார்கள். தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரோல் எந்தக் காலத்தில் இருந்தது? வேறுபாடு நிரம்பிய கொழுப்பில்தான். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அதுதான். நான் தேங்காய்க்கு எதிரி இல்லை. சொதி இல்லாமல் இடியப்பம் தின்னச் சொன்னால் எனக்கே கோபம் வரும். ஆனால் முதற்பாலைக் கறிக்கும் விட்டு, சொதிக்கும் விட்டு, பிட்டுக்குத் தேங்காய்ப்பூவும் போட்டு, சம்பலும் இடித்த பிறகு, சோற்றில் மட்டும் இரண்டு பிடியைக் குறைத்துவிட்டு “நான் பத்தியம்” என்பவரைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில்தான்.

அப்புறம் அந்த 7 கலோரி. கால் போத்தல் சாராயம் 180 மில்லிலீற்றர், ஏறத்தாழ 330 கலோரி. அதில் உடம்புக்கு வேண்டிய ஒரு சத்தும் இல்லை. ஒன்றரைக் கப் சோற்றுக்கு மேல் சக்தி அதில் இருக்கிறது என்று ஆண்களுக்கு யாரும் சொல்வதில்லை. பெண்களைப் பிடித்து வைத்துப் பிட்டைப் பற்றிப் பேசுகிறோம். சாப்பிடாமல் குடித்துவிட்டு மேற்சொன்ன குளிசையையும் போட்டால் இரவில் சீனி இறங்கும், வீட்டுக்காரர் வெறி என்று நினைத்துக் கிடக்க விடுவார்கள். பெண்கள் நிறைந்த கிளினிக்கில் இதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் ஆண்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

சீனிக்கு வருகிறேன். இந்த வருத்தத்துக்கு ‘சீனி’ என்று பெயர் வைத்ததால் வந்த வினை பெரிது. வெள்ளைச் சீனியைத் தவிர மற்ற எல்லா இனிப்பும் தப்பிவிடுகின்றன. பனங்கட்டி எங்கள் ஊர்ப் பொருள், பனை எங்கள் மரம், ஆகவே அது கெடுதல் செய்யாதாம். காட்டுத்தேன் மருந்தாம். இரண்டிலும் இருப்பது பெரும்பங்கு சர்க்கரைதான். பனங்கட்டியில் கொஞ்சம் கனியுப்பு இருக்கிறது, அதற்காகத் தின்கிற அளவில் ஒன்றும் ஆகாது. ரின்பாலில் அரைவாசிக்கு மேல் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் தேனையும் சாற்றுப் பானங்களையும் சேர்த்தே கணக்கு வைத்து, நாளின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும், இருபதில் ஒரு பங்கானால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், அல்லது 25 கிராம். தலைதட்டிய தேக்கரண்டி ஒன்றுக்கு 4 கிராம். நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி என்றால் 60 கிராம், 240 கலோரி. எங்கள் ஊரில் கரண்டியைத் தலைதட்டுகிறவர் யார்? மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போனால் தேத்தண்ணி, வங்கிக்காரர் வந்தால் தேத்தண்ணி, செத்தவீட்டில் தேத்தண்ணி. வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவு.

சோடாப் போத்தலில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2016 இல் இருந்து இனிப்புப் பானங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போட வேண்டும். நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை. மஞ்சள் என்றால் நல்லது என்று எங்கள் பொடியன்கள் நினைக்கிறார்கள். 10 கிராம் இருந்தாலும் மஞ்சள்தான். அரை லீற்றர் போத்தலை ஒருவரே குடித்தால் 50 கிராம், நாள் கணக்கு முடிந்தது. கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கிற அப்பிள், ஓட்ஸ், புரோக்கோலிப் படத்தை எடுத்துவிட்டு, ஒரு வெறும் சோடாப் போத்தலும் அதற்குப் பக்கத்தில் பன்னிரண்டு கரண்டி சீனி நிரப்பிய கண்ணாடிக் குவளையும் வையுங்கள். புரோக்கோலியை நான் இந்தப் பக்கச் சந்தையில் கண்டதில்லை. முருங்கையிலை, வல்லாரை, பயித்தங்காய், வெண்டி, புடலங்காய், பூசணி, கத்தரி ஆகியவற்றைப் படம் பிடிக்க ஒரு போனும் ஒரு சந்தைக் காலையும் போதும்.

அரிசியைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. எந்த அரிசி என்பது எவ்வளவு அரிசி என்பதற்கு அடுத்த கேள்வி, ஆனால் சின்னக் கேள்வி இல்லை. எங்கள் ஆட்கள் நெல்லை அவித்துக் குத்திய காலத்தில் உமி மட்டும் போகும், தவிடு நிறைய ஒட்டியிருக்கும். அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி விற்றமின் கொஞ்சம் மணிக்குள்ளேயும் இறங்கிவிடும். இன்று மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டி வாங்குகிறோம், தவிட்டைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடுகிறோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1890களில் ஜாவாவில் ஐக்மன் என்ற ஒல்லாந்த வைத்தியர் கோழிகளுக்குத் தீட்டிய அரிசியைப் போட்டுப் பார்த்தார். கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. தீட்டாத அரிசியைப் போட்டதும் எழும்பி நடந்தன. பி விற்றமின் போதாமல் வருகிற பெரிபெரி நோயின் காரணம் அந்த வழியில்தான் பிடிபட்டது, 1929 இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. எங்கள் வளவுக் கோழிகளுக்கு அந்த ஆபத்து இல்லை, தவிடு முழுக்க அவற்றுக்குத்தான் போகிறது.

மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்லைச் சிலர் இன்னும் கொஞ்சமாக விதைக்கிறார்கள். கிடைத்தால் நல்லது. கிடைக்காதவர் சிவப்புப் புழுங்கல் அரிசியைத் தீட்டாமல் வாங்கினாலே போதும், நார் கூடும், பசி தாமதிக்கும். ஆனால் சிவப்பு என்பதற்காக மலையைத் திரும்பக் கட்டக்கூடாது.

சோற்றை வடித்து ஆறவைத்து அடுத்த நாள் தின்றால் கலோரி பாதியாகிவிடும் என்று ஒரு செய்தி போனில் சுற்றுகிறது, உங்களிடமும் கேட்டிருப்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. கொழும்பில் இரசாயனவியல் படித்த மாணவர் ஒருவர் 2015 இல் அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தில் வைத்த ஆய்வில் இருந்து கிளம்பிய கதை. தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி விட்டு அவித்து, பன்னிரண்டு மணிநேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மாப்பொருளில் ஒரு பகுதி சமிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அவர்கள் பார்த்ததில் ஒரு அரிசியில் கலோரி இறங்கியது 10 முதல் 12 வீதம்தான். நல்ல வகை அரிசி கிடைத்தால் பாதி வரை குறையலாம் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. போன் எதிர்பார்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. பழஞ்சோறும் மோரும் வெங்காயமும் அருமையான சாப்பாடு. ஒரு கப் என்றால் ஒரு கப் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

இனிச் சொல்வதை எழுதவா விடவா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்களிடம் ‘சோறு சாப்பிடாதேங்கோ’ என்று சொல்லும்போது யாரிடம் சொல்கிறீர்கள் என்பதை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். 2009 இல், போரின் கடைசி மாதங்களில், ஒரு கரண்டிக் கஞ்சிக்குப் பேணியோடு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும், அவ்வளவுதான். ஒவ்வொரு மே மாதமும் அதே கஞ்சியைக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். பிறகு செட்டிகுளத்து அகதிமுகாம் கூடாரங்களில் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி என்று நிறுத்து வாங்கிச் சீவித்தோம். பாண் தின்னும் பழக்கமும் தேத்தண்ணியில் வயிற்றை நிரப்புகிற பழக்கமும் அங்கே பலருக்கு இறுகின. இன்றும் என் வீட்டில் அரிசி மூட்டை பாதிக்குக் கீழே இறங்கினால் எனக்கு நித்திரை வராது. கோப்பை நிறையச் சோறு என்பது எங்களுக்குப் பயம் இல்லாத நாளின் அடையாளம். அதை ஒரு வசனத்தில் பறித்தால் ஆட்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ஒளித்துத் தின்பார்கள். நான் தின்றேன்.

பறிக்கத் தேவையும் இல்லை. கோப்பையில் பாதி இலைக்கறியும் மரக்கறியும், கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ, கால் பங்கு சோறு. இந்தப் படத்தை நீங்களும் காட்டுகிறீர்கள், ஆனால் கால் பங்கு என்றதும் எங்கள் அம்மாமார் சிரிக்கிறார்கள். ஒரே நாளில் வேண்டாம். முதல் மாதம் ஐந்து அகப்பைக்கு நாலு அகப்பை. அடுத்த மாதம் மூன்றரை. குறைகிற ஒவ்வொரு அகப்பைக்கும் இரண்டு அகப்பை கீரை. சக்தியில் பாதியளவு காபோவைதரேற்றில் இருந்து வருவதில் தவறில்லை. 2018 இல் லான்செற் குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், அமெரிக்காவில் 15,000க்கு மேற்பட்டோரை 25 வருடமளவில் தொடர்ந்து பார்த்தபோது, சக்தியில் 50 முதல் 55 வீதம் காபோவைதரேற்றில் எடுத்தவர்களிடம் இறப்பு ஆகக் குறைவாக இருந்தது. 40க்குக் கீழே போனவர்களிடமும் 70க்கு மேலே போனவர்களிடமும் கூடுதலாக இருந்தது. இந்த மாதிரி ஆய்வு காரணத்தை நிரூபிக்காது, தொடர்பைத்தான் காட்டும். ஆனாலும் எங்கள் சோற்று மலைக்கும் ரொறன்ரோவில் இருந்து போன் எடுத்து “பெரியம்மா, சோத்தை அடியோட விடுங்கோ, இறைச்சியும் பட்டரும் மட்டும் சாப்பிடுங்கோ” என்கிற என் பெறாமகனுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அவன் சொல்வதும் சிலருக்குச் சரிவரும், சீனியும் எடையும் இறங்கும், வைத்தியர் பார்த்துக் குளிசையைக் குறைத்துக்கொண்டே வந்தால். நாளுக்கு அரைக்கிலோ கோழியும் கைநிறைய பாதாமும் எந்தக் காசில் வாங்குவது என்று கேட்டேன். அவன் காசு அனுப்புகிறேன் என்றான். அது வேறு கதை.

புரதத்துக்கு நாங்கள் ரொறன்ரோவுக்குப் போகத் தேவையில்லை. குளத்தில் திலாப்பியாவும் விராலும், நூறு கிராம் மீனில் 20 கிராமளவில் புரதம். காய்ந்த பயறில் நாலில் ஒரு பங்குக்குக் கிட்டப் புரதம், கூடவே 16 வீதமளவில் நார். அரிசியின் புரதத்தில் லைசின் குறைவு, பயறிலும் பருப்பிலும் அது நிறைய. ஆகவே சோறும் பருப்பும் ஒன்றையொன்று நிரப்பும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றால் எல்லோரும் கச்சான் வாங்குவோம். ஒரு கைபிடி, 30 கிராம், 170 கலோரி. கலோரி கூடியதுதான், ஆனால் நல்ல கொழுப்பும் புரதமும் நாரும் சேர்ந்தது, சீனியை வேகமாக ஏற்றாது. பின்னேரத் தேத்தண்ணிக்கு பணிஸுக்குப் பதில் அந்தக் கைபிடியை வைத்துக்கொள்ளலாம். ஒரு சரை முழுவதையும் மாங்குளம் வருமுன் முடித்தால் நான் பொறுப்பில்லை. ஆனி ஆடியில் பாலைப்பழம் வந்தால் ஒரு பிடி தின்னட்டும் என்று சொல்லுங்கள். காட்டில் பழுக்கிறதை வருடத்தில் சில வாரம் தின்பதையும் தடை செய்தால் உங்களிடம் உண்மை சொல்ல ஆள் இருக்காது.

இவ்வளவும் நான் சொன்னது கொழுத்தவர்களுக்கும் சீனி ஏறியவர்களுக்கும். உங்கள் புத்தி கிளினிக்கோடு நிற்பதில்லை, அதுதான் எனக்குப் பெரிய கவலை. என் பக்கத்து வீட்டு மாமி கிளினிக்கில் கேட்டதை வந்து மருமகளுக்குச் சொல்லியிருக்கிறார். மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி, காற்றடித்தால் பறந்துவிடுவாள். “சோறு கொழுப்பு பிள்ளை, குறை” என்று மாமி குறைத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதத்தில் வழமையைவிட நாளுக்கு ஏறத்தாழ 450 கலோரி கூட வேண்டும். சக்தி போதாவிட்டால் உடம்பு, கிடைக்கிற கொஞ்சப் புரதத்தையும் விறகாக எரித்துவிடும். அவள் தின்கிற முட்டை பிள்ளைக்குப் போகாமல் அடுப்புக்குப் போகிறது. அவளுக்குச் சோறும் வேண்டும், அதற்கு மேல் ஒரு கரண்டி நெய்யோ தேங்காய்ப்பாலோ வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற திரிபோஷாச் சத்துமாவையும் அவளே சாப்பிட வேண்டும், வீட்டில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரித்துக்கொடுத்துவிட்டுப் பையைத் தட்டுகிறாள்.

இப்படி எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். தனியாகக் குடும்பம் கொண்டுபோகிறவர்கள் இன்னும் அதிகம். அவர்கள் கோப்பையில் மிஞ்சுவது சோறும் சொதித் தண்ணீரும். மீன் துண்டு பிள்ளைகளுக்குப் போய்விட்டது. அவர்களிடம் போய்ச் சோற்றைக் குறை என்றால் மிஞ்சியதும் போகும். “சட்டியில் இருந்து முதல் அகப்பை பருப்பை உங்கள் கோப்பையில் போடுங்கோ அம்மா” என்று சொல்லிப் பாருங்கள். சிலர் அழுவார்கள், நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, இது நோயாளிகளின் களவு, நானே காட்டிக்கொடுக்கிறேன். கிளினிக்குக்கு மூன்று நாள் முன்பிருந்து நாங்கள் எல்லோரும் விரதம். வெறுவயிற்று இரத்தத்தை மட்டும் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துபோயிற்று. கொப்பியில் 110 வரும், நீங்கள் “கெட்டிக்காரி” என்பீர்கள், அன்று மத்தியானமே வீட்டில் பாயாசம். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி சோதனையைச் செய்ய முடிந்த இடங்களில் செய்யுங்கள். முடியாத இடத்தில், இடைக்கிடை ஒரு நாள், வழமையான மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிநேரம் கழித்து வரச்சொல்லிக் குத்துங்கள். திட்டுவதற்கு இல்லை. எந்தச் சாப்பாடு தனக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்பதை ஆள் கண்ணால் காண்பதற்கு. என் தம்பி தன் 145ஐயும் 230ஐயும் கண்ட பிறகுதான் அரை றாத்தல் பாணை விட்டான். இப்போது அவன் மத்தியானம் ஒன்றரைக் கப் புழுங்கல் அரிசிச் சோறு, முருங்கையிலை வறை, பருப்பு, குளத்து மீன் சாப்பிடுகிறான். பனங்கட்டி போய்விட்டது என்கிறான். மனிசி சொல்கிறாள், முழுக்கப் போகவில்லையாம்.

அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. நான் ஆறு மணிக்கே வந்துவிடுவேன். ஒரு சுண்டு, ஒரு தேத்தண்ணிக் கப், ஒரு தேக்கரண்டி, அரை றாத்தல் பாண், ஒரு வெறும் சோடாப் போத்தல், ஒரு பேணிச் சோறு கொண்டுவருகிறேன். கொப்பிகள் அடுக்கி முடிய வாங்கில் எப்படியும் முக்கால் மணிநேரம் சும்மா இருக்கிறோம். அந்த நேரத்தில் பேச எனக்கு அனுமதி தாருங்கள். வெறுவயிற்றோடு இருக்கிறவர்களுக்குச் சோறு காட்டுவது பாவம்தான், அதனால் மெல்லுகிற விளையாட்டை இரத்தம் கொடுத்து முடித்தவர்களோடு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை ஒருத்தி,
இரணைமடுக் குளத்துக்குக் கீழே இருந்து.